நான் நீட்டாத கை

எனக்கு வயது நாற்பத்தொன்பது. ஏழு வருடமாக நாற்பத்தொன்பதுதான்.

கோயிலுக்குப் பின்தெருவில் மின்விசிறி, சோற்றுக் குக்கர், இஸ்திரிப்பெட்டி பழுது பார்க்கும் கடை என்னுடையது. முழுப்பெயர் தியோஃபிலோ. அதை ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரோடு ஊர் மறந்துவிட்டது, இப்போது வெறும் பிலோ. கடைக்கு வருகிறவர்கள் ‘பிலோ அண்ணே’ என்றால் அன்றைக்கே விசிறி சுற்றும். ‘பெரியவரே’ என்றால் அது அடுத்த மழைக்காலம்வரை என் அலமாரியில் தூங்கும். ஊருக்கு இது தெரியும். கிண்டலுக்காகவே அப்படிக் கூப்பிட்டுவிட்டு, புழுங்கிச் சாகிறவர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் பெரியவர்களைப் பார்த்தால் சின்னவர்கள் சும்மா போவதில்லை. ‘மானோ போ’ என்று சொல்லி, அவர்கள் கையை எடுத்து, புறங்கையை நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பெரியவர் ‘ஆண்டவர் உனக்கு இரங்கட்டும்’ என்பார். நடக்கப் பழகிய நாளிலிருந்து நானும் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவன்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்தவன் ஒற்றிக்கொள்ள என் கையைக் கொடுப்பதில்தான் தகராறு. என் கை ஒருவன் நெற்றிக்குப் போனால், என் பிறந்த வருடத்தைக் கோயில் ஒலிபெருக்கியில் வாசித்தது போல எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

அதனால் பல தந்திரங்கள் வைத்திருந்தேன். வலது கையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர். யாராவது தலையைக் குனிந்துகொண்டு வந்தால், “கையெல்லாம் கிரீஸ்ப்பா” என்று பின்வாங்குவேன். தெருவில் என்றால் கை சட்டைப் பைக்குள் போய்விடும். தப்பவே முடியாது என்றால், வருகிற கையை நடுவழியில் மறித்து, பிடித்து, குலுக்கிவிடுவேன். கண் மூடித் திறப்பதற்குள் மானோ கைகுலுக்கலாக மாறிவிடும். இதில் என்னை மிஞ்ச மாகாணத்திலேயே ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதில் நான் ரொம்பப் பெருமைப்பட்டது போன கிறிஸ்துமஸில் நடந்தது. கனடாவில், வின்னிபெக் என்ற ஊரில் வேலை பார்க்கும் மரிவிக் லீவில் வந்திருந்தாள். விடிகாலைப் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் கூட்டம் கலைகிற நேரம். அவளுடைய அம்மா பக்கத்திலேயே நிற்க, மரிவிக் நேராக என்னிடம் வந்து தலை குனிந்து கையை நீட்டினாள். அவள் அம்மாவுக்கு முன்னாலா நான் கிழவனாவேன்? பிடித்தேன், குலுக்கினேன். “என்னம்மா, நான் என்ன அவ்வளவு கிழவனாவா தெரியறேன்?” என்று ஒரு சிரிப்பும் சிரித்தேன். அவள் லேசாகச் சிரித்தாள். அம்மாவும் லேசாகச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று அந்தக் குலுக்கலை இன்னொரு தடவை செய்து பார்த்துக்கொண்டேன்.

அந்த அம்மாதான் அம்பாரோ. புருஷன் போய் ஆறு வருடம் ஆயிற்று. சந்தையில் காலை நேரத்தில், வாழையிலையில் சுற்றி வேகவைத்த ஒட்டரிசிப் பலகாரம் விற்கிறாள். ஐம்பத்திரண்டு வயது. அவள் அதை ஒளிப்பதும் இல்லை, சொல்லித் திரிவதும் இல்லை. ஒரு வருடத்தில் மூன்று முறை தன் மின்விசிறியைக் கடைக்குத் தூக்கி வந்தாள். முதல்முறை மோட்டாரில் கோளாறு. இரண்டாம் முறை வயரில். மூன்றாம் முறை கோளாறே இல்லை. மூளை உள்ளவன் அன்றைக்கே பேசியிருப்பான். நான் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, அதையே திரும்ப மாட்டி, “சரியாயிடுச்சு” என்று கொடுத்து அனுப்பினேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம் படோங் கடைக்குள் வந்து உட்கார்ந்தான். மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவன். பக்கத்து வீடு. ஊரில் யாருக்கு எங்கே வலிக்கிறது என்று அவர்களுக்கு முன்னால் அவனுக்குத் தெரியும்.

“அண்ணே, விஷயம் தெரியுமா? அம்பாரோ அக்கா கனடா போறாங்க.”

“போயிட்டு வரட்டும். பொண்ண பாக்க வேணாமா?”

“பாக்க இல்ல. மொத்தமா. மரிவிக்தான் கூப்பிடுதாம். ஜூன் மாசம். வீட்டைத் தங்கச்சிகிட்ட விட்டுட்டுப் போறாங்களாம்.”

நான் கையிலிருந்த இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைத்தேன். அது சூடாக இருந்தது, வைத்தது என் தொடைமேல்.

“இப்பவாச்சும் வாயைத் திறங்க,” என்றான் படோங். “கத்துறதுக்கு இல்ல. அவங்ககிட்டச் சொல்றதுக்கு.”

அப்போதுதான் முடிவு செய்தேன். மே பதினைந்து, புனித இசிதோர் திருவிழா. அன்று எல்லா வீட்டுக் கதவும் எல்லோருக்கும் திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் யார் வீட்டிலும் சாப்பிடலாம், ஏன் வந்தாய் என்று கேட்பாரில்லை. அம்பாரோ வீட்டுக்குப் போவேன். பெரியவர்களுக்கு மரியாதை செய்வேன். ஒரு தட்டு சாப்பிடுவேன். அப்புறம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ‘போகாதீங்க’ என்று சொல்வேன். ஒரே வார்த்தைதான். ஒரு வாரம் அதை விசிறிகளிடம் சொல்லிப் பழகினேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் என் வழக்கமான தலைச்சாயம் கடையில் தீர்ந்துபோயிருந்தது. ஊரில் இன்னும் எத்தனை பேர் நாற்பத்தொன்பதில் நிற்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சந்தையில் வேறு ஒரு பொட்டலம் கிடைத்தது. மேலே பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. படிக்க வேண்டுமென்றால் மூக்குக்கண்ணாடி போட வேண்டும். அந்தக் கண்ணாடி கடை மேஜையின் இழுப்பறைக்குள் இருக்கிறது. சின்ன ஸ்க்ரூ பார்க்க மட்டும் வெளியே வரும், வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடும். கடைத்தெருவில் நின்று அதை மாட்டிக்கொள்கிற அளவுக்கு நான் விழுந்துவிடவில்லை. எல்லாச் சாயமும் கறுப்புதானே என்று வாங்கி, காலையில் பூசி, கழுவி, சீவி, வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பினேன்.

மே மாத வெயில். வீடுகளின் ஜன்னலெல்லாம் நெற்கதிரும் பூசணியும் பாகற்காயும் தொங்க, தெரு முழுக்கப் பன்றி வறுபடும் வாசம். அம்பாரோ வீட்டை நெருங்கும்போதே நெற்றியில் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. வியர்வை என்று நினைத்தேன், துடைத்தால் சீவின முடி கலைந்துவிடும் என்று அப்படியே விட்டேன். பிறகு அது கண்ணுக்குள் இறங்கியது. எரிந்தது பாருங்கள், பச்சை மிளகாயைப் பிழிந்து விட்ட மாதிரி எரிந்தது.

வாசல் பந்தலுக்குக் கீழே ஐந்து நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தது. முதலில் அம்பாரோவின் சித்தப்பா, எண்பத்தெட்டு வயது மோஹெங் தாத்தா. அவருக்கு அந்தப் பக்கம் மாதர் சங்கத்து ஆட்கள், எல்லோருக்கும் ஒரே வெள்ளை உடை, தோளில் ஒரே நீலத் துண்டு. வெயிலிலிருந்து நிழலுக்குள் வந்தவன், ஒரு கண்ணை மூடி மறு கண்ணைப் பாதி திறந்து வைத்திருந்தவன், எனக்குத் தெரிந்ததெல்லாம் ஐந்து வெள்ளை உருவங்கள். திருவிழா வீட்டில் வரிசையாக உட்கார வைக்கிறவர்கள் யாராக இருக்க முடியும்? கிழடுகள்தான்.

குனிந்தேன். மோஹெங் தாத்தாவின் கையை எடுத்து ஒற்றிக்கொண்டேன். “மானோ போ.” அடுத்த கை. “மானோ போ.” அடுத்தது. அம்பாரோ உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள், எவ்வளவு மரியாதை தெரிந்த ஆள் என்று நினைப்பாள் என்று ஒவ்வொரு கைக்கும் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே குனிந்தேன். நாலாவது. ஐந்தாவது கையை எடுத்தபோது தேங்காய்ப்பாலும் வாழையிலையும் வாசம் அடித்தது. மூக்கு எச்சரித்தது. ஆனால் நெற்றி முந்திக்கொண்டது.

“மானோ போ,” என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.

ஒரு வருடமாக எந்தக் கையைப் பிடிக்க வேண்டும் என்று ஏங்கினேனோ, அந்தக் கையைத்தான் பிடித்திருந்தேன். பிடித்து, நெற்றியில் ஒற்றி, அவளை என் பெரியம்மா ஆக்கியிருந்தேன். அவளும் அதே சங்க உடையில், சித்தப்பாவுக்குச் சூப் ஊட்டிவிட்டு ஒரு நிமிடம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், அதுதான் அவள் செய்த குற்றம்.

அம்பாரோ என்னைப் பார்த்தாள். பழக்க தோஷத்தில் அவள் வாய் தானாகத் திறந்து, “ஆண்டவர் உனக்கு இரங்கட்டும்,” என்றது. எனக்கு அன்று உண்மையாகவே தேவைப்பட்டதும் அதுதான்.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். மோஹெங் தாத்தா தன் கையைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“இதென்னடா இது. சாம்பல் புதன் பிப்ரவரியோட முடிஞ்சு போச்சே. இன்னுமா பூசிட்டிருக்கீங்க?”

எல்லோரும் அவரவர் கையைப் பார்த்தார்கள். ஐந்து புறங்கையிலும் முட்டை அளவுக்குக் கறுப்பு. பிறகு எல்லோரும் என் நெற்றியைப் பார்த்தார்கள். அது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் நூடுல்ஸ் தட்டோடு நின்றுகொண்டிருந்த படோங் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். அடுப்படிப் பக்கமிருந்து ஒரு குரல், “பிலோ, அம்பாரோ உனக்கு எத்தன வயசு மூப்பு?” என்று கேட்டது. அம்பாரோ எழுந்து உள்ளே போனாள். கதவு மூடிய சத்தம் கேட்டது.

நான் சாப்பிடாமல் ஓடி வந்தேன். திருவிழா வீட்டில் கை நனைக்காமல் திரும்புவது அந்த வீட்டையே அவமானப்படுத்துவது, அதையும் செய்துவிட்டேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது அது மண்ணோடு போயிற்று.

முடியில் நிற்காத அந்தச் சாயம் தோலில் நின்றது. சோப்புக்கும் போகவில்லை, சாம்பலுக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை வாங்க ஐந்து பேரும் கையை நீட்டியபோது கோயிலே எட்டிப் பார்த்தது. ஊருக்கு இது போதாதா? அந்த வாரம் என் கடை வாசலில் விசிறி கொண்டு வந்தவர்களைவிட மானோ வைக்க வந்தவர்கள் அதிகம். மீன்காரன் வந்தான், தபால்காரர் வந்தார், என்னைவிட மூன்று வயது மூத்த மேளக்காரரும் வரிசையில் நின்று, “மானோ போ பெரியவரே,” என்றார். கடையின் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன்.

படோங் மட்டும் குனிந்து உள்ளே வந்தான். கையில் ஒரு பொட்டலம்.

“அம்பாரோ அக்கா வீட்ல குடுத்தாங்க. திருவிழா அன்னிக்கு நீங்க சாப்புடாமப் போனீங்களாம், அதுக்குப் பதிலா.”

“எனக்குன்னு குடுத்தாங்களா?”

“சாப்புடாம ஓடினது நீங்க ஒருத்தர்தான். வேற யாருக்குக் குடுப்பாங்க?”

“ஏதாச்சும் சொன்னாங்களா?”

“இலையைத் திருப்பிக் குடுக்க வேணாம்னு சொன்னாங்க.” கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். சாயம் பாதி கழுவிப் போய், என் தலை அணில் முதுகு மாதிரி கோடு கோடாக இருந்தது. “அண்ணே, கேக்குறேன்னு தப்பா நெனக்காதீங்க. இப்ப அக்கா உங்களுக்கு என்ன முறை? பெரியம்மா முறைன்னா பிஷப்புகிட்டப் போய்த்தான் அனுமதி வாங்கணும்.”

“வெளியே போடா.”

“போறேன். டிக்கெட் ஜூன் பன்னெண்டாம் தேதி. அதையும் சொல்லிட்டுப் போறேன்.”

அவன் போன பிறகு பொட்டலத்தைப் பிரித்தேன். நாலு பலகாரம், ஆறிப்போயிருந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நாலையும் சாப்பிட்டேன். துக்கம் தொண்டையை அடைக்கும் என்று சொல்கிறவர்கள் அவள் செய்ததைச் சாப்பிட்டதில்லை.

பத்து நாள் கழித்து ஒரு காலை. கோயில் மணி எட்டு அடித்து ஓய்ந்த நேரம். பாதி ஷட்டருக்குக் கீழே முதலில் ஒரு மின்விசிறி தெரிந்தது, பிறகு அதைத் தூக்கியிருந்த கை, பிறகு குனிந்து உள்ளே வந்த அம்பாரோ. நான் கையிலிருந்த மூக்குக்கண்ணாடியை இழுப்பறைக்குள் போட்டுச் சாத்தினேன்.

“சுத்த மாட்டேங்குது,” என்றாள்.

செருகிப் பார்த்தேன். ஜோராகச் சுற்றியது. இருவரும் அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“சுத்துதே.”

“அப்ப எங்க வீட்ல கரண்ட் இல்லாம இருந்திருக்கும்.” முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். வலது கையை மேஜைமேல் வைத்தாள். “சரி, இதையாச்சும் எடுத்து விடுங்க. மாவுல கை வைக்க முடியல. வாங்க வர்றவங்க எல்லாம், பிலோ குடுத்ததாங்கறாங்க.”

புறங்கையில் கறுப்பு இன்னும் இருந்தது, கொஞ்சம் வெளிறி. தேங்காயெண்ணெயை எடுத்தேன், ஒரு கலமன்சி எலுமிச்சையை நறுக்கினேன். துணியை நனைத்துத் துடைத்தால், கறுப்பு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் புலப்படவில்லை. குத்துமதிப்பாகத் தேய்த்தேன்.

“அங்க ஒண்ணும் இல்ல. இங்க,” என்றாள்.

இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.

“அது மச்சம்.”

வேறு வழியில்லை. இழுப்பறையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

“ஓ, கண்ணாடியெல்லாம் இருக்கா.”

“ஸ்க்ரூ பாக்கறதுக்கு.”

“நான் ஸ்க்ரூ இல்ல.”

கண்ணாடி வழியாக அவளை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. காதோரம் நரை, கண்ணோரம் கோடுகள், கட்டைவிரலில் நீராவி சுட்ட பழைய தழும்பு. ஒன்றையும் அவள் மறைக்கவில்லை. இவ்வளவு நாளாக மங்கலாக ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தெளிவாகத் தெரிகிறவள் அவளைவிட நன்றாக இருந்தாள்.

“உங்க வயசு என்ன பிலோ?”

துணி நின்றது. “ஐம்பத்தாறு.”

“தெரியும். எங்க பெரியண்ணனும் நீங்களும் ஒரே வகுப்பு. உங்க வாயால சொல்றீங்களான்னு பாத்தேன்.”

“அன்னிக்கு உங்களக் கெழவின்னு நெனச்சு வைக்கல. கண்ணு எரிஞ்சுது. யாருன்னே தெரியல. கோவம் இருக்கும், இருக்காதுன்னு சொல்லல.”

“அதுக்கா கோவம்? அன்னிக்கு உள்ள போய்க் கதவைச் சாத்திட்டுச் சிரிச்ச சிரிப்புல சித்தப்பாவோட மிச்ச சூப்பு மொத்தமும் கொட்டிப் போச்சு. புருஷன் போனதுக்கப்புறம் அப்படிச் சிரிச்சதில்ல.”

“அப்ப ஏன் கனடா?”

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவளே எட்டி அதை நிறுத்தினாள்.

“கிறிஸ்துமஸ் அன்னிக்கு என்ன பண்ணினீங்க, ஞாபகம் இருக்கா? கோயில் முத்தத்துல, மரிவிக் வந்தப்ப.”

“கை குலுக்கினேன்.”

“பேங்க் மேனேஜர் லோன் குடுக்க மாட்டேன்னு சொல்றப்ப குலுக்குவாரே, அப்படிக் குலுக்கினீங்க.” குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “அவ அப்பா போனதுக்கப்புறம் எம்பொண்ணு வீட்டு மனுஷன்னு நெனச்சு ஒரு ஆம்பள கையையும் எடுத்ததில்ல. அன்னிக்கு விடியறதுக்கு முன்னால எழுந்து தலைவாரிக்கிட்டே எங்கிட்டச் சொன்னா, ‘அம்மா, இன்னிக்கு நான் அவருக்கு மானோ வைக்கப் போறேன். நீ பாத்துட்டே இரு’ன்னு. ஒரு வாரமா யோசிச்சு எடுத்த முடிவு அது. வச்சா உங்களுக்குப் புரியும், அப்புறம் நீங்களே வந்து பேசுவீங்கன்னு நெனச்சா. நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ஏர்போர்ட்ல சொல்லிட்டுப் போனா. ‘அவருக்கு நீ வேணும்போல இருக்கும்மா, நான் வேணாம்போல’ன்னு. எம்பொண்ணு கையத் தட்டி விட்டவரோட நான் எப்படிக் குடும்பம் நடத்தறது, சொல்லுங்க. அதான் போறேன்.”

எனக்கு அவமானமாக இருந்தது. திருவிழா அன்று வந்தது வெட்கம், ஊர் சிரித்ததால் வந்தது. இது வேறு. அந்தப் பெண் தலை குனிந்து நின்றதும், அவள் நெற்றிக்கு முன்னால் என் கை வளைந்து போனதும், அவள் லேசாகச் சிரித்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அந்தக் கைகுலுக்கலை வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் வேறு செய்து பார்த்தவன் நான். மாகாணத்திலேயே கெட்டிக்காரன்.

“அங்க இப்ப மணி என்ன?” என்றேன்.

“நேத்து சாயங்காலம் ஏழு.”

“கூப்பிடுங்க.”

“என்ன சொல்லப் போறீங்க?”

“தெரியல. நீங்க கூப்பிடுங்க.”

அவள் கொஞ்ச நேரம் என்னை அளந்து பார்த்தாள். பிறகு போனை எடுத்து, எண்ணைத் தட்டி, மேஜையில் இருந்த சோற்றுக் குக்கர்மேல் சாய்த்து வைத்தாள். மரிவிக் வேலை உடுப்போடு சமையலறையில் நின்றிருந்தாள். பின்னால் அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

“அம்மா, என்ன இந்த நேரத்துல?” என்றவள் என்னைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டாள். “நல்லா இருக்கீங்களா மாமா?” ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். அந்த மரியாதையில் ஏறி உள்ளே போக ஒரு படிகூட இல்லை.

விசிறிகளிடம் பழகிய வார்த்தை எதுவும் வரவில்லை. “மகளே,” என்றேன். “டிசம்பர்ல நீ எங்கிட்டக் கையைக் கேட்ட. நான் குடுக்கல. எனக்கு நாப்பத்தொன்பது இல்ல, அம்பத்தாறு. தலையெல்லாம் நரை. நீ எதுக்கு வந்தேன்னு எனக்கு அன்னிக்குப் புரியல, எனக்கு என் மூஞ்சிதான் பெருசா இருந்துச்சு. தப்பு என்மேல. இந்தா.”

கையை நீட்டினேன். எண்ணெயும் எலுமிச்சையும் வழிந்த கை, விரல் நுனியெல்லாம் கறுப்பு. போனுக்கு முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். அம்பாரோ என்னைப் பார்க்காமல் நின்றுபோன விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா சொல்லிக் குடுத்தாங்களா?” என்றாள் மரிவிக்.

“உங்கம்மா திட்டினாங்க, அவ்வளவுதான். கையை நீட்டச் சொல்லல.”

“தலை ஏன் அப்படி இருக்கு?”

“அது பெரிய கதைம்மா. ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க.”

“கேட்டுட்டேன். படோங் மாமா வீடியோவே அனுப்பிட்டாரு.” அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது, சிரிப்பை அடக்குகிறாளா, வேறு எதையோ அடக்குகிறாளா என்று தெரியவில்லை. குழாயை மூடினாள். போனுக்குப் பக்கத்தில் வந்தாள். அவள் கண் மறைந்தது, நெற்றியும் வகிடும் மட்டும் திரை முழுக்க நிறைந்தது.

“மானோ போ,” என்றாள்.

நான் புறங்கையைப் போன் திரையில் வைத்தேன். கை கொடுத்துப் பழகாதவனுக்கு அதையும் ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை. விரல் மொளி கீழே இருந்த சிவப்பு வட்டத்தில் பட்டு, மரிவிக் மறைந்தாள். கறுத்த திரையில் அணில் தலையோடு ஒரு கிழவன் தெரிந்தான்.

அம்பாரோ மெதுவாகத் திரும்பினாள். “மறுபடியுமா?”

“இல்ல, சத்தியமா இல்ல, கை பட்டு கட்டாயிடுச்சு.” போனை எடுத்துத் தட்டினேன். எண்ணெய் விரலுக்கு அது மசியவில்லை. சட்டையில் துடைத்துவிட்டுத் தட்டினேன், கால்குலேட்டர் வந்தது. என் உயிர் போய்க்கொண்டிருந்தபோது போன் தானாகவே அடித்தது. அம்பாரோ வாங்கி, திரையைத் துடைத்து, பழையபடி குக்கர்மேல் சாய்த்தாள்.

“என்ன மாமா,” என்றாள் மரிவிக், “மறுபடியும் கையை எடுத்துட்டீங்களா?”

“இல்லம்மா. இங்கதான் இருக்கு. பாரு.”

“அப்படியே வச்சிருங்க. பொங்கி வழியுது, அடுப்பை அணைச்சிட்டு வந்துடறேன். எடுத்துடாதீங்க.”

அவள் நகர்ந்து போனாள். திரையில் ஒரு வெள்ளைச் சுவரும் தொங்கும் கரண்டியும் மட்டும் இருந்தன. நான் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தேன். பாதி ஷட்டருக்குக் கீழே படோங்கின் தலை எட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்தது, அம்பாரோவைப் பார்த்தது, சுவரைக் காட்டிக்கொண்டிருந்த போனைப் பார்த்தது.

“என்ன அண்ணே, யாருமே இல்ல, கைய நீட்டிட்டு உக்காந்திருக்கீங்க?”

“சத்தம் போடாதடா,” என்றாள் அம்பாரோ. “அவர் பொண்ணு வந்துட்டிருக்கா.”

தோள்பட்டை கடுத்தது. முழங்கை வழியாக எண்ணெய் சொட்டியது. நான் கையை எடுக்கவில்லை.